பூந்திக்கொட்டைச் சலவை: நுரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

திருகோணமலைச் சந்தையை அண்டிய மருந்துச் சரக்குக் கடையொன்றில் கால் கிலோ பூந்திக்கொட்டை கேட்டபோது, தராசுத் தட்டில் கொட்டையை அள்ளிப் போட்டுக்கொண்டே கடைக்கார முதியவர், “நகைக்கோ, தலைக்கோ, மகள்?” என்று கேட்டார். “உடுப்புத் தோய்க்க, ஐயா” என்றேன். “பட்டுக்கோ?” என்றார் மறுபடியும். வீட்டில் எல்லோருடைய உடுப்புக்கும்தான் என்று சொன்னதும், அதற்குமேல் எதுவும் கேட்காமல் பொதியைக் கட்டித் தந்தார். நகை, தலை, பட்டு என்று அவர் அடுக்கிய மூன்றும் பேச்சுக்குக் கேட்டவையல்ல என்பதும், இந்தக் கொட்டையை நம்மவர்கள் எதற்கு, எந்த அளவில் பயன்படுத்தி வந்தார்கள் என்பதன் முழு விவரமும் அவற்றுக்குள் இருந்தது என்பதும் சில மாதச் சலவைக்குப் பிறகே எனக்கு விளங்கின.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரமும் சலவைத் தூளும் விலையேறியபோது, இலங்கையின் பல வீடுகளில் பழைய பொருட்களின் பெயர்கள் மறுபடியும் பேசப்பட்டன. சீயாக்காய், அரப்பு, சாம்பல் என்று தொடங்கிய அந்தப் பேச்சில் பூந்திக்கொட்டையும் இருந்தது. அதே காலத்தில், உலகின் வேறு பகுதிகளில் சில ஆண்டுகளாகவே விற்கப்பட்டுவந்த ஒரு முறையும் இங்கே அறிமுகமானது. ஐந்தாறு கோதுகளைச் சிறு துணிப் பையில் கட்டி, உடுப்புகளோடு சலவை இயந்திரத்துக்குள் போட்டுவிட்டால் சலவைத் தூளே வேண்டாம் என்பதுதான் அந்த முறை. கொட்டை பழையது, பை முறை புதியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால்தான் பூந்திக்கொட்டையைப் பற்றி ஒருபுறம் அளவுக்கு மீறிய நம்பிக்கையும், மறுபுறம் “நாங்கள் போட்டுப் பார்த்தோம், ஒன்றுமில்லை” என்ற கைவிடலும் ஏற்பட்டிருக்கின்றன என்பது என் கருத்து.

தமிழில் பூந்தி, பூவந்தி, நெய்க்கொட்டான் என்றெல்லாம் வழங்கும் இந்த மரத்தைச் சிங்களத்தில் பெனெல என்பார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் இயல்பாக வளரும் இனத்துக்குத் தாவரவியலில் சபின்டஸ் ட்ரைஃபோலியேற்றஸ் என்று பெயர். இமயமலை அடிவாரத்தில் வளர்வதும் ரீத்தா என்ற பெயரில் பொதிசெய்து விற்கப்படுவதும் சபின்டஸ் முக்கொரோசி என்ற அதன் உறவினம். 1753இல் லின்னேயஸ் பதிந்த சபின்டஸ் என்ற பெயருக்கே ‘இந்தியச் சவர்க்காரம்’ என்றுதான் பொருள். நாம் உண்ணும் ரம்புட்டானும், இரசம் வைக்கும் முடக்கொத்தானும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

காய்ந்த கொட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், சுருங்கிய செம்பழுப்புத் தோலுக்குள் கருமையான, வழவழப்பான, உருண்டை விதை ஒன்று கிலுகிலுவென்று ஆடுவது கேட்கும். விதையை எடுத்துவிட்டுக் கோதை வெளிச்சத்தில் பிடித்தால், பழம்பாகு உறைந்தது போன்று மங்கலாக ஒளி ஊடுருவும். விரலில் ஒட்டும், நறுக்கிய பேரீச்சம்பழத்தையும் புளியையும் சேர்த்து வைத்ததுபோன்ற ஒரு புளித்த மணமும் இருக்கும். சலவைக்கு உதவுவது இந்தக் கோது மட்டுமே. விதையில் எண்ணெய் உண்டே தவிர நுரை இல்லை. ஆகவே விதையோடு நிறுத்து வாங்கும்போது கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி சலவைக்கு உதவாத விதைக்கே போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கோதைச் சிறிது நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பெருவிரலால் கசக்கினால், தேங்காய்ப்பால் நுரைபோல நெருங்கிய, சிறு குமிழிகள் கொண்ட நுரை எழும்பி நெடுநேரம் அடங்காமல் நிற்கும்.

இந்த நுரைக்குக் காரணம் சப்போனின் என்ற சேர்மம். கோதின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை அது இருக்கிறது. சப்போனின் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை விரும்பும் சர்க்கரைச் சங்கிலி. மறுமுனை எண்ணெய்ப் பிசுக்கோடு சேரும் இயல்புள்ள, ஹெடராஜெனின் எனப்படும் பகுதி. எண்ணெய்ப் பக்கம் அழுக்கைப் பற்றிக்கொள்ள, சர்க்கரைப் பக்கம் அதை நீருக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. சவர்க்காரமும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் வேறு வழியில் செய்கிறது. அந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொல்லே காட்டிக் கொடுக்கிறது: சவர்க்காரம் என்பதற்குள் ‘காரம்’ இருக்கிறது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிப் பெறும் பொருள் அது. நீரில் கரைந்தால் கரைசல் காரத்தன்மை அடையும். பூந்திக்கொட்டைச் சாறோ சற்று அமிலத்தன்மை உடையது.

இதை நிரூபிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, மஞ்சள் கறைபட்ட ஒரு துணி போதும். மீன் குழம்பு சிந்திய சாரத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்ததும் மஞ்சள் கறை சட்டென்று செங்காவி நிறமாக மாறுவதை நம் வீடுகளில் பார்க்காதவர் இல்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் சிவப்பதும் இதனால்தான். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். அதே கறையின் மேல் பூந்திக்கொட்டைச் சாற்றை ஊற்றினால் நிறம் மாறுவதில்லை. கறை போய்விட்டது என்று இதற்குப் பொருளல்ல, அது மஞ்சளாகவே அங்கே கிடக்கும். பூந்திக்கொட்டை எண்ணெயைத் தளர்த்தும், சாயத்தை எடுக்காது. மஞ்சள் கறைக்கு மருந்து வெயில்தான். ஈரத்தோடு இரண்டு நாள் நல்ல வெயிலில் விரித்துவிட்டால் குர்க்குமின் தானாகவே வெளுத்துப்போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் அதற்குப் பஞ்சமில்லை.

காரம் இல்லாததால் கிடைக்கும் இன்னொரு நன்மை கிணற்றுநீரில் தெரியும். நகரத்தின் குழாய்களில் கந்தளாய்க் குளத்து நீர் வருகிறது. ஆனால் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகப் போகப்போக, மணலுக்குள் தோண்டிய கிணற்று நீரையே நம்பும் வீடுகள் பல உண்டு. கோடை முற்றும்போது அந்தக் கிணறுகள் சிலவற்றில் நீர் உவர்க்கும். கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் சவர்க்காரம் அவற்றோடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகிறது. நுரை வருவதற்கு முன்பே பாதிக் கட்டி கரைந்துபோகும், பிறகு அந்தப் படிவே துணியில் ஒட்டி, காய்ந்தபின் விறைப்பாகவும் மங்கலாகவும் தெரியும். கடல்நீரில் சவர்க்காரம் நுரைக்காததற்கும் இதுவே காரணம். சப்போனினின் நீர்விரும்பும் பகுதி பெரும்பாலும் மின்னேற்றமற்ற சர்க்கரையாக இருப்பதால், அதைக் கடின நீர் பெரிதாகப் பாதிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுநீரில் சவர்க்காரம் பின்வாங்கும் பங்குனி, சித்திரை மாதங்களிலும் பூந்திக்கொட்டைச் சாறு குறைவின்றி நுரைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு நல்ல பொருள் சலவை இயந்திரத்துக்குள் ஏன் தோற்றது என்பதுதான் முக்கியமான கேள்வி. வாங்கிவந்த முதல் வாரத்திலேயே, பழைய சட்டைத் துணியில் ஆறு கோதுகளை முடிந்து, ஒரு வாரத்து உடுப்புகளோடு இயந்திரத்தில் போட்டேன். வெளியே எடுத்தபோது துணிகளில் எந்தக் கெட்ட மணமும் இல்லை, மென்மையாகவும் இருந்தன, அதனால் மகிழ்ந்தேன். மூன்றாவது வாரத்தில் தலையணை உறைகள் பழுப்பேறியிருந்தன. சட்டைக் கழுத்துப்பட்டிகளில் வியர்வைக் கோடு அப்படியே இருந்தது. துவாய் ஒன்றை நனைத்துக் கசக்கியபோது அதிலிருந்து கலங்கல் நீர் வந்தது. அதாவது, மூன்று வாரமும் அழுக்கு துணியை விட்டுப் போகாமல் துணிக்குத் துணி பரவிக்கொண்டிருந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது. ஐந்தாறு கோதுகளின் எடை பத்துக் கிராம் அளவில் இருக்கும். அதில் பத்தில் ஒன்று சப்போனின் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஒரு கிராம். மேற்புறம் திறக்கும் சாதாரண இயந்திரம் ஒரு தடவைக்கு ஐம்பது லீற்றர் வரை நீரை எடுக்கும். ஆகவே லீற்றருக்கு 0.02 கிராம். அதுவும், குளிர்ந்த நீரில் அரைமணி நேரத்துக்குள் கோதிலிருந்த சப்போனின் முழுவதும் கரைந்துவிட்டது என்ற நடக்காத நிபந்தனையின் பேரில் கிடைக்கும் எண். எந்தச் சலவைப் பொருளும் ஒரு குறிப்பிட்ட செறிவை எட்டிய பிறகுதான் அதன் மூலக்கூறுகள் ஒன்றுதிரண்டு, மைசெல் எனப்படும் நுண்ணிய கூடுகளாகி, எண்ணெய் அழுக்கை உள்ளே அடைத்துக்கொண்டு மிதக்கும். அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் அழுக்கு கழன்றாலும் மறுபடி துணியிலேயே படியும். துணிப் பை முறையில் கிடைக்கும் செறிவு அந்த எல்லைக்குப் பல மடங்கு கீழே நிற்கிறது. அப்படியானால் முதல் வாரத்தில் துணி சுத்தமானதாகத் தோன்றியது எப்படி? வெறும் நீரும் இயந்திரத்தின் சுழற்சியும் சேர்ந்தே வியர்வை உப்பையும் தூசியையும் பெரும்பகுதி அகற்றிவிடும். அந்தப் பெருமையைக் கோதுக்குக் கொடுத்துவிட்டேன்.

இனிப் பழைய முறையை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து கிராம் கோதை ஒரு லீற்றர் நீரில் அவித்து, அந்தச் சாற்றை நான்கு லீற்றர் நீரில் கலந்து ஒரு பட்டுச் சேலையை அலசினால், லீற்றருக்கு அரைக் கிராம் அளவில் சப்போனின் இருக்கும். இயந்திரத்தில் இருந்ததைவிட இது இருபத்தைந்து மடங்கு. தலைக்குத் தேய்க்கும்போது செறிவு இன்னும் கூடும். தட்டார் நகையைத் தேய்க்கும் சிறு கிண்ணத்தில் அதைவிடவும் கூடும். சரக்குக் கடைக்காரர் கேட்ட மூன்றும் குறைந்த நீரில், அடர்ந்த சாற்றில், சிறிய பொருளைக் கையால் கழுவும் வேலைகள். நாற்பது உடுப்புகளை ஐம்பது லீற்றர் நீரில் சுழற்றும் வேலைக்கு இந்தக் கொட்டையை யாரும் முன்னர் பயன்படுத்தியதில்லை. சலவைத் தொழிலாளர்களும் ஊத்தை உடுப்புகளுக்கு உவர்மண்ணையும் வெள்ளாவியையும்தான் நம்பினார்கள். உவர்மண்ணிலும் காரம்தான் வேலை செய்தது.

வெள்ளை உடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இலங்கையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் சலவையின் பாரம் வெள்ளைச் சீருடையில்தான் இருக்கிறது. சலவைத் தூளில் அழுக்கு நீக்கி மட்டும் இல்லை. நீரின் கடினத்தைக் குறைக்கும் சோடாக் காரம், இரத்தத்தையும் உணவுக் கறையையும் சிதைக்கும் நொதிகள், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும் ஒளிர்விப்பான்கள் என்று பலவும் சேர்ந்திருக்கின்றன. வெயிலில் புதுச் சீருடை கண்ணைப் பறிப்பது இந்த ஒளிர்விப்பானால். பூந்திக்கொட்டையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. போதாததற்குச் சாற்றுக்கே ஒரு பழுப்பு நிறம் உண்டு. சாற்றில் தோய்த்த வெள்ளைச் சீருடை ஒரு தவணைக்குள் பழுப்பு வெள்ளையாகிவிடும். நீலம் போட்டால் ஓரளவு மறையும், ஆனால் முழங்கையிலும் கழுத்திலும் படிந்த அழுக்குக்கு நீலம் மருந்தாகாது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குச் சீருடையின் வெண்மை வகுப்பில் ஒரு மானப் பிரச்சினை. அந்த வீட்டுத் தாயிடம் போய், இயற்கைச் சலவைக்கு மாறுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டுக்கு வந்தால் நிலைமை அப்படியே தலைகீழ். பட்டும் கம்பளியும் புரத இழைகள். காரம் அவற்றை மெல்ல மெல்ல அரித்து, பளபளப்பைக் குறைத்து, தொடும்போது சரசரக்கச் செய்யும். வியர்வை பட்ட கூறைச் சேலையைச் சலவைத் தூளில் ஊறவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் வேலை. சற்று அமிலத்தன்மை உள்ள பூந்திக்கொட்டைச் சாறு பட்டு இழைக்குப் பொருந்தும். சாயம் மென்மையான பத்திக் துணிக்கும், மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கும், குழந்தையின் கம்பளித் தொப்பிக்கும் அது நன்றாகவே உதவும். ஒளிர்விப்பான் இல்லாததே வண்ணத் துணிக்கு நன்மையாகிறது, ஏனெனில் ஆழ்ந்த நிறங்களின் மேல் நீலச் சாயல் ஏறுவதில்லை. என் தாயாரின் ஊதாப் பட்டுச் சேலை ஒன்றை ஆறு தடவை இப்படித்தான் அலசியிருக்கிறேன். முந்தானை மடிப்பில் முகர்ந்து பார்த்தால் வியர்வை வாடை இல்லை, கரையின் நிறமும் உடலில் இறங்கவில்லை. ஆனாலும் எந்தச் சேலைக்கும் முதலில் உள்மடிப்பின் ஓரத்தைச் சாற்றில் நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்காமல் முழுவதையும் நனைக்கக்கூடாது. உலோகச் சரிகை கனமாக உள்ளதை வீட்டில் நனைக்காமல் விடுவதே நல்லது.

சாறு எடுப்பதில் நுணுக்கம் அதிகமில்லை, ஆனால் தவறவிடக்கூடாத சில உண்டு. விதை நீக்கிய கோது ஒரு கைப்பிடியை, அதாவது இருபத்தைந்து கிராமளவை, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் அதே நீரோடு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தணலைக் குறைத்து இருபது நிமிடம் வைக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நீர் இருக்கக்கூடாது; கொதி தொடங்கியதும் நுரை பாலைவிட வேகமாகப் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஆறியபின் கோதுகளைக் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடித்தால், தேயிலைச் சாயத்தின் நிறத்தில் வழவழப்பான சாறு கிடைக்கும். அதில் சர்க்கரை இருப்பதால் நம் ஊர் வெக்கையில் இரண்டாம் நாளே புளிக்கத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற 2022இல் இந்த அவிப்புக்கான எரிபொருளும் ஒரு செலவாகத்தான் இருந்தது, ஆகவே ‘செலவே இல்லாத சலவை’ என்ற பேச்சும் முழு உண்மையல்ல. அவிக்க வசதியில்லாதவர்கள் ஊறவைத்துக் கசக்கினாலும் சாறு வரும், சற்றுக் குறைவாக.

இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்று எண்ணுவதுதான் இந்தப் பேச்சில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. சாறு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கோதை இடித்துத் தூளாக்கும்போது மூக்கில் ஏறினால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும், இழுப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். விதைகள் கோலிக்குண்டு போல அழகாக இருப்பதால் சிறுபிள்ளைகள் எடுத்து வாயில் போடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய விடயம் மீன். சப்போனின் மீனின் பூக்களை, அதாவது செவுள்களை, தாக்கி, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இந்த இயல்பை அறிந்துதான் தெற்காசியாவின் பல இடங்களில் தேங்கிய நீரில் இக்கொட்டையைப் போட்டு மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். அது மண்ணிலும் நீரிலும் சிதையும் என்பது உண்மைதான், ஆனால் சிதையும்வரை அது மீனுக்கு நஞ்சு. குளத்தங்கரையிலோ, தம்பலகாமக் குடாவில் கலக்கும் ஓடைக்கரையிலோ பூந்திக்கொட்டையில் துணி அலசுவதை இயற்கைக்குச் செய்யும் உதவியென்று நினைத்துவிடக்கூடாது.

வீட்டு வளவில் அலசினால் அந்தச் சிக்கல் எழுவதில்லை, நீரை எங்கே ஊற்றுகிறோம் என்பது மட்டும் கவனிக்கப்பட வேண்டும். கரையோர மணலில் ஊற்றிய நீர் தங்காது, நேரே கீழிறங்கும். அதனால் தோய்க்கும் கல் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, எந்தச் சலவைப் பொருளாக இருந்தாலும். நான் சாற்று நீரை முற்றத்துத் தென்னையின் பாத்தியில் விடுகிறேன். சோடாக் காரமும் பொஸ்பேற்றும் இல்லாத நீர் என்பதால் மண் இறுகவில்லை, மரத்துக்கும் குறையொன்றும் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளையும் துவாயும் படுக்கை விரிப்பும் சலவைத் தூளுக்குப் போகின்றன, முன்பு போட்ட அளவில் பாதியைப் போட்டாலே போதும் என்பதையும் இந்தச் சோதனைகளின்போதுதான் கண்டுகொண்டேன். பட்டு, பத்திக், கைத்தறி, கம்பளி ஆகியவை சனிக்கிழமை காலைகளில் ஒரு பேசின் சாற்றுக்கு வருகின்றன. கால் கிலோ கொட்டை, விதை நீக்கிய பின், ஐந்தாறு வாரம் வருகிறது. வடித்தபின் மிஞ்சும் சக்கைக் கோதில் இன்னும் கொஞ்சம் நுரை இருக்கும். அதோடு சிறிது பழப்புளியைச் சேர்த்துக் குத்துவிளக்கைத் தேய்த்துவிட்டு, தென்னைப் பாத்திக்கே போட்டுவிடலாம்.